"நான் தோசையைக் கொட்டினதாலதான் அப்பா போயிட்டாரா?" - விவாகரத்துக்குப் பிறகு ஒரு குழந்தையின் உலகம்

ஒரு சனிக்கிழமை இரவு. தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என் அக்கா மகள், தட்டை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். "ஏன்டா கை வலிக்கப்போகுது, தட்டைக் கீழ வெச்சுட்டு உட்காரு" என்றேன்.

"வேணாம் சித்தி. நான் கொட்டிட்டா நீயும் போயிடுவ."

அடுப்பை அணைத்துவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டதில் விஷயம் புரிந்தது. மாமா வீட்டை விட்டுக் கிளம்பியதற்கு முந்தைய இரவு, சாப்பிடும்போது அவள் தட்டைத் தட்டிவிட்டிருக்கிறாள். அக்கா அவளைத் திட்ட, மாமா அக்காவைத் திட்ட, அது பெரிய சண்டையாகியிருக்கிறது. விடிந்ததும் அப்பா பையோடு கிளம்பிவிட்டார். அவள் கணக்கு ரொம்ப எளிமையானது. தோசை கொட்டியது, அப்பா போய்விட்டார்.

அக்காவும் மாமாவும் பிரிந்ததற்கு நான்கு வருடக் காரணங்கள் இருந்தன. ஐந்து வயதுக் குழந்தையிடம் இருந்தது ஒரே காரணம். அதையும் எட்டு மாதங்களாகத் தனியாகவே சுமந்திருக்கிறாள்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் அவளைச் சுற்றி எப்போதும் ஆட்கள். அம்மா, அப்பா, அக்கா, நான். ஒருவர்கூட அவளிடம் 'இது உன்னால நடக்கலடா' என்று சொல்லவில்லை. சொல்லணும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. 'சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்' என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அக்காவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஏனென்றால், விவாகரத்தான பல வீடுகளில் இதே வாக்கியம்தான் குழந்தையைத் தனியாக விட்டுவிடுகிறது.

சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

'விவாகரத்து' என்ற சொல் சின்னக் குழந்தைக்குப் புரியாது. ஆனால், அதனால் வந்த மாற்றங்கள் அத்தனையும் தெரியும். அப்பாவின் ஹெல்மெட் இருந்த இடம் காலியாக இருப்பது, அம்மா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவது, போன் வந்தால் பாட்டி வேறு அறைக்குப் போய்ப் பேசுவது என எல்லாமே தெரியும். என்ன நடக்கிறது என்பது தெரிந்து, ஏன் நடக்கிறது என்பது தெரியாவிட்டால், அந்த இடைவெளியைக் குழந்தை தன் கற்பனையால் நிரப்பிக்கொள்ளும்.

குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, சுமார் இரண்டு முதல் ஏழு வயதுவரையிலான குழந்தை உலகத்தைத் தன்னை மையமாக வைத்தே புரிந்துகொள்கிறது என்றார். 'நான் நடந்தா நிலாவும் கூடவே வருது' என்று குழந்தை நம்புவது இதனால்தான். நமக்கு அது அழகாக இருக்கிறது. ஆனால், 'நான் சமத்தா இல்லாததாலதான் அப்பா போயிட்டாரு' என்று நம்புவதும் அதே மனசுதான்.

வயதுக்கு ஏற்ப இது வெவ்வேறு மாதிரி வெளிப்படும்.

மூன்று வயதுக்குள்: பேசத் தெரியாது, உடம்பு பேசும். தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது, அம்மா இடுப்பை விட்டு இறங்காது. விரல் சூப்புவதை நிறுத்திய குழந்தை மறுபடியும் சூப்ப ஆரம்பிக்கும்.

மூன்று முதல் ஐந்து வயதுவரை: குற்ற உணர்ச்சியும் பயமும் அதிகம். ஒருத்தர் போயாச்சு, இன்னொருத்தரும் போய்விடுவாரோ என்ற பயம். ஸ்கூல் வாசலில் விடும்போது திடீரென்று ஒட்டிக்கொண்டு அழுவது, படுக்கையை நனைப்பது எல்லாம் இந்தப் பயத்தால் வரலாம். இதற்குப் போய் அடிப்பதும், 'இவ்ளோ பெரிய பொண்ணு...' என்று மானத்தை வாங்குவதும் பயத்தை இரண்டு மடங்காக்கும்.

ஆறு முதல் எட்டு வயதுவரை: பிரிந்துவிட்டார்கள் என்று புரியும். ஆனால், சேர்த்துவைத்துவிடலாம் என்ற நம்பிக்கை போகாது. காய்ச்சல் வந்தால் அப்பாவும் அம்மாவும் ஒன்றாக வருவார்கள் என்று தெரிந்தால், அடிக்கடி வயிற்றுவலி வரும். அது நடிப்பு என்று தள்ளிவிட முடியாது. மனசு உண்மையிலேயே உடம்பில் வலிக்கும்.

இன்னொரு விஷயம், நேரம். பரஸ்பர சம்மதத்தோடு விவாகரத்து கேட்கும் தம்பதிக்கு இந்து திருமணச் சட்டம் வைத்திருக்கும் காத்திருப்புக் காலம் ஆறு மாதங்கள். (சில சூழல்களில் நீதிமன்றம் இதைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.) பெரியவர்களுக்கு அது இரண்டு 'வாய்தா'. ஐந்து வயதுக் குழந்தைக்கு, அது வாழ்ந்த மொத்த வாழ்க்கையில் பத்தில் ஒரு பங்கு!

'செசமி ஸ்ட்ரீட்' கற்றுக்கொண்ட பாடம்

குழந்தைகளிடம் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் புகழ்பெற்ற குழந்தைகள் நிகழ்ச்சி 'செசமி ஸ்ட்ரீட்'. 1992-ல் அதில் வரும் ஸ்னஃபி என்ற பொம்மைக் கதாபாத்திரத்தின் அப்பா அம்மா விவாகரத்து செய்வதுபோல ஒரு பகுதியை எடுத்தார்கள். நிபுணர்களை வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதிய பகுதி அது. ஒளிபரப்பும் முன், சின்னக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள்.

குழந்தைகள் குழம்பிப்போனார்கள். அப்பா அம்மா இப்போதும் ஸ்னஃபியை நேசிக்கிறார்கள் என்பதே பலருக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டில் வாக்குவாதம் வந்தாலே விவாகரத்துதான் என்று சிலர் முடிவுகட்டிக்கொண்டார்கள். அந்தப் பகுதியைத் தயாரிப்பாளர்கள் ஒளிபரப்பவே இல்லை.

அதற்கு 20 வருடங்கள் கழித்து, 2012-ல், இணையத்தில் மறுபடியும் முயன்றார்கள். இந்த முறை ஆபி என்ற கதாபாத்திரம். அவள் பெற்றோர் பிரிந்து ஏற்கெனவே நாளாகிவிட்டது. அம்மாவோடு இருக்கும் வீடு, அப்பாவோடு இருக்கும் வீடு என்று இரண்டு வீடுகளை வரைந்து நண்பர்களிடம் காட்டுகிறாள். பிரிவின் அதிர்ச்சியை விட்டுவிட்டு, பிரிவுக்குப் பிறகும் வாழ்க்கை இருக்கிறது என்பதைக் காட்டினார்கள்.

நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. 'அப்பாவும் அம்மாவும் ஏன் பிரிஞ்சோம்' என்பதைவிட, 'நாளைக்கு என்னை யாரு ஸ்கூல்ல விடுவாங்க, நான் எங்க தூங்குவேன், அப்பாவை எப்ப பார்ப்பேன்' என்பதுதான் குழந்தைக்கு முதலில் தெரிய வேண்டும்.

எப்படிச் சொல்வது?

முடிந்தால் அப்பா, அம்மா இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். நான்கைந்து வாக்கியம் போதும்.

"அப்பாவும் அம்மாவும் இனிமே வேற வேற வீட்டுல இருக்கப்போறோம். இது பெரியவங்க முடிவு. நீ எதுவும் செஞ்சதால இல்ல. நீ என்ன செஞ்சாலும் இது மாறாது. உனக்கு அவர் எப்பவும் அப்பாதான், நான் எப்பவும் அம்மாதான்."

இதில் 'நீ என்ன செஞ்சாலும் இது மாறாது' என்பது கேட்கக் கடுமையாக இருக்கலாம். ஆனால், சமத்தாக இருந்து, ஹோம்வொர்க் முடித்து, தட்டைக் கொட்டாமல் சாப்பிட்டு அப்பாவைத் திரும்ப வரவழைக்கும் வேலையிலிருந்து அந்த வாக்கியம்தான் குழந்தைக்கு விடுதலை கொடுக்கிறது.

'அப்பா வெளியூர் போயிருக்காரு', 'அம்மாவுக்கு ஆபீஸ்ல வேலை' என்ற பொய்கள் வேண்டாம். வெளியூர் போனவர் திரும்பி வரணும் அல்லவா? குழந்தை காத்துக்கொண்டே இருக்கும். உண்மை வெளியே வரும் அன்று, இருக்கிற ஒருத்தர் மீதான நம்பிக்கையும் போய்விடும்.

முக்கியமாக, ஒருமுறை சொன்னால் போதாது. ஒரே கதையைத் தினமும் கேட்கும் வயது அது. இந்தக் கேள்வியையும் திரும்பத் திரும்பக் கேட்கும். 'அதான் சொன்னேன்ல' என்று எரிந்து விழாமல், அதே பதிலை அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

'அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பா வருவாரு' என்றால் நான்கு வயதுக்குப் புரியாது. நாள்காட்டியில் அப்பா நாளுக்கு ஒரு நிறம், அம்மா நாளுக்கு ஒரு நிறம் என்று அடித்து, தினமும் இரவு ஒரு கட்டத்தைக் குழந்தையையே அடிக்கச் சொல்லுங்கள். சொன்ன நாளில் வந்து நிற்பது அதைவிட முக்கியம். வர முடியாவிட்டால், அதை நீங்களே போனில் குழந்தையிடம் சொல்லுங்கள். ஷூ போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு, அந்தச் செய்தியை அம்மா வாயால் சொல்ல வைக்காதீர்கள்.

ஞாயிறு சாயங்கால விசாரணை

இந்த இடத்தில் நான் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். பாப்பா மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போவாள். சாயங்காலம் திரும்பியதும், சட்டை மாற்றிவிடும் சாக்கில் நான் ஆரம்பிப்பேன். "அங்க யாரெல்லாம் இருந்தாங்க? அப்பா என்ன வாங்கிக் கொடுத்தாரு? அம்மாவைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

அக்காவுக்காகத்தான் கேட்கிறேன் என்று நினைத்தேன். ஒருநாள் பாப்பா, "ஒண்ணும் இல்ல சித்தி, சும்மா தூங்கினேன்" என்றாள். அவள் சட்டை முழுக்க பீச் மணல்! அங்கே சந்தோஷமாக இருந்ததை இங்கே மறைக்க வேண்டும் என்று அந்தக் குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது. கற்றுக்கொடுத்தது நான்.

பிரிந்த பெற்றோரின் குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது, மனநலத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் விஷயம், இந்த 'யார் பக்கம்' சிக்கல். அம்மாவோடு சிரித்தால் அப்பாவுக்குத் துரோகம், அப்பாவைக் கட்டிக்கொண்டால் அம்மாவுக்குத் துரோகம் என்று குழந்தை நினைக்க ஆரம்பித்தால், அது இரண்டு வீட்டிலுமே நிம்மதியாக இருக்காது. 'அப்பாகிட்ட ஃபீஸ் கட்டச் சொல்லு', 'உங்க அம்மாகிட்ட சொல்லு, போனை எடுக்கச் சொல்லி' என்று குழந்தையைத் தபால்காரர் ஆக்குவதும், 'உனக்கு அப்பா பிடிக்குமா, அம்மா பிடிக்குமா?' என்று உறவினர்கள் கேட்பதும் இதே சிக்கலை வளர்ப்பவைதான். அந்தக் கேள்வியைச் சேர்ந்து வாழும் வீட்டிலேயே கேட்கக் கூடாது. பிரிந்த வீட்டில் அது கொடுமை.

பணம், நேரம், ஸ்கூல் விவரம் எதுவாக இருந்தாலும் பெரியவர்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும். முகம் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் வாட்ஸ்அப் மெசேஜ் போதும். அதுவும் குழந்தையின் விஷயத்தை மட்டும்.

திரும்பி வந்த அன்று குழந்தை கத்தினாலோ, சாப்பிட மறுத்தாலோ, 'அங்க ஏதோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்காங்க' என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறும்போது குழந்தைக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்படும். இரண்டு வீட்டிலும் தனக்கென்று ஒரு பிரஷ், ஒரு தலையணை, நான்கு உடுப்பு இருந்தால் அந்த மாற்றம் எளிதாகும். எப்போதும் பையோடு வந்து போகிறவர் விருந்தாளிதான். குழந்தை எந்த வீட்டிலும் விருந்தாளி ஆகக் கூடாது.

பாதி உறவு எங்கே போனது?

நம் ஊர் விவாகரத்தில், கணவன் மனைவியோடு இரண்டு குடும்பங்களும் பிரிந்துவிடுகின்றன. குழந்தைக்கு இதனால் ஏற்படும் இழப்பை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. லீவு விட்டால் லால்குடியில் இருக்கும் அப்பாயி வீட்டுக்குப் போனவள் பாப்பா. அங்கே அத்தை இருக்கிறார், அத்தை பசங்க இருக்கிறார்கள், ஒரு கன்றுக்குட்டி இருக்கிறது. ஒரே நாளில் அத்தனையும் இல்லாமல் போய்விட்டது. "கன்னுக்குட்டியும் நம்மகூட சண்டையா சித்தி?" என்று கேட்டாள்.

அப்பாயியும் தாத்தாவும் குழந்தையின் உறவு. மருமகளோடு அவர்களுக்கு ஆயிரம் வருத்தம் இருக்கலாம். ஆனால், பேத்தியின் பிறந்தநாளுக்கு ஒரு போன் வருவதில் யாருக்கு நஷ்டம்? அதேநேரம், அந்தப் போனில் 'உங்க அம்மா இப்படிப் பண்ணிட்டாளே' என்ற புலம்பல் வரக் கூடாது என்பதும் நிபந்தனை.

கல்யாண மண்டபத்தில் 'அப்பா வரலையா கண்ணு?' என்று கேட்பவர்களைத் தடுக்க முடியாது. அதற்கு ஒரு பதிலைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். 'அப்பா அவங்க வீட்டுல இருக்காங்க' என்றால் போதும். பொய்யும் இல்லை, வெட்கமும் இல்லை. வகுப்பு ஆசிரியரிடமும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். 'மை ஃபேமிலி' படம் வரையச் சொல்லும்போது, ஒரே வீட்டைத்தான் வரைய வேண்டும் என்று அவர் திருத்தாமல் இருப்பார்.

சட்டம் யார் பக்கம்?

குழந்தையின் பக்கம். அப்பா, அம்மா இருவரின் உரிமையைவிடக் குழந்தையின் நலனே முதன்மையானது என்பதுதான் நம் நீதிமன்றங்களின் அடிப்படை. இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம் 1956-ன் படி, ஐந்து வயது நிறைவடையாத குழந்தை பொதுவாக அம்மாவின் பொறுப்பில் இருக்கும். எல்லா மதத்தினருக்குமான பாதுகாவலர் சட்டம் 1890-ன் படி, விவரம் தெரிந்த வயதுக் குழந்தையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கருத்தில் கொள்ளலாம். அதற்காகக் குழந்தைக்கு 'பாடம் எடுத்து' கோர்ட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள்.

2020 ஜனவரியில் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தைக்கு அப்பா, அம்மா இருவரின் அன்பையும் பெறும் உரிமை இருக்கிறது என்றது. குழந்தையை நேரில் சந்திக்கும் உரிமையோடு, வீடியோ காலில் பேசித் தொடர்பில் இருக்கும் உரிமையையும் அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியது.

பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று, ஜீவனாம்சம். 'பணம் தரலையா, பிள்ளையைக் காட்ட மாட்டேன்', 'பிள்ளையைக் காட்டலையா, பணம் தர மாட்டேன்' என்று பேரம் பேசுகிறார்கள். குழந்தையின் பராமரிப்புச் செலவும், இரண்டு பேரையும் பார்ப்பதும் குழந்தைக்குச் சேர வேண்டிய தனித்தனி விஷயங்கள். ஒன்றை நிறுத்தி இன்னொன்றை வாங்க முடியாது. பிரச்னை என்றால் குடும்ப நல நீதிமன்றத்தில்தான் முறையிட வேண்டும்.

பிரிந்தாலே பிள்ளை கெட்டுப்போகுமா?

'பிள்ளைக்காகவாவது சேர்ந்து வாழுங்க' என்ற அறிவுரையைக் கேட்காத பெண் இருக்க முடியாது. உண்மை நிலவரம் என்ன?

அமெரிக்க உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன் சுமார் 1,400 குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். 2002-ல் வெளியான அவர் நூல் சொல்வது இது: பெற்றோர் பிரிந்த குழந்தைகளில் 20 முதல் 25 சதவிகிதம் பேருக்குத் தீவிரமான சிக்கல்கள் இருந்தன. பிரியாத குடும்பங்களில் இது 10 சதவிகிதம். அதாவது, ஆபத்து கூடுவது உண்மை. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தார்கள் என்பதும் உண்மை. சமூகவியலாளர் பால் அமேட்டோவும் சகாக்களும் 1990-களில் செய்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. ஓயாத சண்டை நடந்த வீட்டுக் குழந்தைகள், பெற்றோர் பிரிந்த பிறகு, சேர்ந்தே இருந்து சண்டை தொடர்ந்த வீட்டுக் குழந்தைகளைவிட நன்றாக இருந்தார்கள். இரண்டுமே அமெரிக்க ஆய்வுகள்தான். ஆனால், சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கும் சண்டைச் சத்தத்துக்கு எந்த நாட்டுக் குழந்தையும் பயப்படத்தான் செய்யும்.

அடி, உதை, குடித்துவிட்டு மிரட்டல் இருந்த வீடு என்றால் கணக்கே வேறு. அங்கே 'இரண்டு பேரையும் பார்க்கட்டும்' என்பதைவிடக் குழந்தையின் பாதுகாப்புதான் முதலில். குழந்தைக்குக் கெடுதல் என்று கருதினால், அந்தச் சந்திப்பை மறுக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது.

தூக்கம், சாப்பாடு, படிப்பு, விளையாட்டு எல்லாவற்றிலும் மாற்றம் வந்து வாரக்கணக்கில் நீடித்தாலோ, 'நான் செத்துப்போயிடணும்' என்பதுபோலக் குழந்தை பேசினாலோ, குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-ல் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098.

இப்போது பாப்பாவுக்கு ஆறு வயது. அந்தத் தோசை இரவுக்குப் பிறகு அக்கா மாமாவுக்கு நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினாள். பிரிந்த பிறகு வக்கீல் விஷயம் இல்லாமல் அவள் அனுப்பிய முதல் மெசேஜ் அது. அடுத்த ஞாயிறு மாமா வாசல்வரை வந்தார், உள்ளே வரவில்லை. படிக்கட்டில் பாப்பாவை நடுவில் உட்காரவைத்து, அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் அக்கா. "அப்பா போனது தோசையால இல்லடா. நீ நூறு தட்டு கொட்டினாலும் அப்பா உன்னைப் பார்க்க வருவேன்" என்றார்.

அவர்கள் மறுபடியும் சேரவில்லை, சேரப்போவதும் இல்லை. பாப்பா இன்னமும் மாதத்துக்கு ஒருமுறையாவது, தூங்கப் போகும்போது கேட்கிறாள். "தோசையால இல்லதானே சித்தி?"

"இல்லடா" என்கிறேன். அடுத்த மாதமும் கேட்பாள். அப்போதும் சொல்வேன்.